உடற்பயிற்சியும் வையாவிருத்தியமும்: கரியாலூர் மலையில் ஒரு நாள் பாடம்

உடல் வேறு, உயிர் வேறு என்பது நம் அறத்தின் முதற்பாடம். இதனைத் தவறாகப் பொருள் கொண்டு, உடலைப் பேணுதல் அறநெறிக்குப் புறம்பானது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. மறுபுறம், உடலைப் பேணுவதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்டு, கண்ணாடி முன் நின்று தோளின் அகலத்தை அளந்து மகிழ்வோரும் பெருகி வருகின்றனர். முன்னவர் கருவியைத் துருப்பிடிக்க விடுகின்றனர். பின்னவர் கருவியைத் துலக்கித் துலக்கிப் பெட்டியில் பூட்டி வைக்கின்றனர். இருவரும் அக்கருவியால் வேலை செய்வதில்லை.

உடல் வலிமை எதற்காக என்னும் வினாவிற்கு நம் முன்னோர் தெளிவான விடை தந்துள்ளனர். அவ்விடையைப் பாடசாலைப் பிள்ளைகளும் இளைஞர்களும் ஏட்டில் படிப்பதோடு நில்லாமல், கைகால்களாலும் கற்க வேண்டும் என்பது நம் விருப்பம். திறந்தவெளியில் கூட்டாகச் செய்யும் உடற்பயிற்சியையும், பயன் கருதாத் தொண்டு பற்றிய பாடத்தையும் ஒரே நாளில் இணைக்கும் முறை ஒன்றை இங்கு வகுத்துக் கூறுகின்றோம். அதற்குக் களமாகக் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரைத் தேர்ந்துள்ளோம். தேர்ந்தமைக்குக் காரணம் பின்னர் விளங்கும்.

வையாவிருத்தியம் என்பது யாது?

தவம் பன்னிரண்டு வகைப்படும். உண்ணாநோன்பு முதலான ஆறும் புறத்தவம். பிராயச்சித்தம், வினயம், வையாவிருத்தியம், ஸ்வாத்யாயம், வியுத்சர்க்கம், தியானம் ஆகிய ஆறும் அகத்தவம். இவ்வரிசையை உற்று நோக்குக. பிறருக்குக் கைகால் பிடித்துப் பணிபுரிவது புறத்தவமாக வைக்கப்படவில்லை. தியானத்தோடும் நூல் ஓதலோடும் ஒரே வரிசையில் அகத்தவமாக வைக்கப்பட்டுள்ளது. செயல் உடலால் நிகழினும், அதனால் தேய்வது அகந்தை என்பதே இதன் உட்பொருள்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அதிகாரம் இத்தொண்டிற்கு உரியோரைப் பத்து வகையாகக் கூறுகின்றது. ஆசாரியர், உபாத்தியாயர், தபஸ்வி, புதிதாகப் பயிலும் சைக்ஷர், நோயுற்ற க்லானர், கணம், குலம், சங்கம், சாது, மனோஜ்ஞர் என்போர் அப்பதின்மர். சமந்தபத்திர சுவாமிகளோ இல்லறத்தார்க்குரிய நான்கு சிக்ஷா விரதங்களுள் ஒன்றாகவே வையாவிருத்தியத்தை வைத்தார். தவத்தோர்க்கு உணவளித்தலும், அவர்தம் இடர் நீக்கலும், கால் பிடித்தலும் அதில் அடங்கும். இவை யாவும் கைம்மாறு கருதாமல் செய்யப்படல் வேண்டும் என்பது அவர் விதித்த வரம்பு. அவர் வழி வந்த நம் அருங்கலச்செப்பின் வாயிலாக இக்கருத்து தமிழ்ச் சமணர் இல்லந்தோறும் பரவியது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். சாதுக்களுக்குரிய இத்தொண்டினை மலைவாழ் மக்களுக்குச் செய்யும் பணியோடு ஒன்றாக்கலாமா? ஒன்றாக்கலாகாது. கொடையின் வகைகளைக் கூறும் ஆதிபுராணம் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என நான்காகப் பிரிக்கின்றது. துறவியர்க்குப் பக்தியோடு அளிப்பது பாத்திரதத்தி. துன்புறும் உயிர்களுக்கெல்லாம் இரக்கத்தோடு அளித்து அச்சம் போக்குவது தயாதத்தி. இரண்டிற்கும் உரியவர் வேறு, உணர்வும் வேறு. ஆயினும், பயன் கருதாமை என்னும் வேர் இரண்டிற்கும் ஒன்றே. சாதுக்களின் வருகை அரிதாக வாய்க்கும் ஊர்களில் வாழும் நம் பிள்ளைகள், அவ்வேரினைத் தயாதத்தியின் வழியே பழகிக்கொள்வதில் தவறில்லை.

நாற்பத்தெண்மர் பணி

உடல் வலிமைக்கும் தொண்டிற்கும் உள்ள தொடர்பைக் காட்டச் சிவாரியர் அருளிய பகவதி ஆராதனையினும் சிறந்த சான்று இல்லை. சல்லேகனை மேற்கொண்ட ஒரு முனிவரைப் பேணுவதற்கு 48 முனிவர்கள் நிர்யாபகராக அமைவதை அந்நூல் விரித்துரைக்கின்றது. நால்வர் நால்வராக அவர்கள் பணியைப் பகிர்ந்துகொள்வர். நோற்பவரைத் தாங்கி எழுப்பவும், அமர்த்தவும், புரட்டிப் படுக்க வைக்கவும் நால்வர். அறவுரை கூற நால்வர். உணவுக்கும் நீருக்கும் உரியவற்றைக் கவனிப்போர், கழிவுகளை அகற்றுவோர், வாயிலைக் காப்போர், இரவில் விழித்திருப்போர் என ஏனையோர் அமைவர்.

இரவெல்லாம் விழித்திருக்கவும், மெலிந்த உடலை நோவாமல் தூக்கவும் உறுதியான உடல் வேண்டும் அன்றோ? நோயாளியைத் தூக்கத் தெரியாதவன் தூக்கினால் நோயாளிக்குத்தான் துன்பம். ஆகவே வலிமையும் பயிற்சியும் தொண்டின் உறுப்புகளே.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றின் பாறையில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அந்த 57 நாள்களும் அம்மாமுனிவரைத் தாங்கியோர், நிழல் செய்தோர், இரவில் அருகிருந்தோர் யார்? அவர்கள் பெயர் கல்லில் இல்லை. அவர்களும் அதனை விரும்பியிருக்க மாட்டார்கள். பயன் கருதாத் தொண்டிற்கு இலக்கணம் கேட்கும் பிள்ளைகளுக்குக் கல்லில் இல்லாத அப்பெயர்களையே காட்டலாம்.

உத்தாயன மன்னன்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் நிர்விசிகிச்சைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுபவன் கச்ச நாட்டை ஆண்ட உத்தாயன மன்னன். அவனது உறுதியைச் சோதிக்க விரும்பிய தேவன் ஒருவன், உடலெங்கும் புண்ணும் நாற்றமும் உடைய முனிவர் வடிவில் அரண்மனைக்கு வந்தான். மன்னனும் அரசி பிரபாவதியும் எதிர்கொண்டு உணவளித்தனர். உண்டு முடித்த அவ்வடிவம் உண்டதனைத்தையும் அவர்கள் மேலேயே உமிழ்ந்தது. ஏவலர் யாவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினர். மன்னனோ, தான் அளித்த உணவு முனிவர் உடலுக்கு ஒவ்வாததாகிவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டு, நீர் கொணர்ந்து தன் கையால் கழுவித் துடைத்தான். தேவன் தன் உருக்காட்டிப் போற்றி நீங்கினான்.

இக்கதையில் பிள்ளைகள் வியப்பது தேவனின் மாயத்தை. நாம் சுட்ட வேண்டியது மன்னன் கை நீட்டிய அந்த நொடியை. ஏவலர் இருந்தும் தன் கையால் செய்தான். அருவருப்பு எழ வேண்டிய இடத்தில் தன் பிழையைத் தேடினான். வந்தவர் தேவன் என்பதை அவன் அறியான். அறிந்திருந்தால் அது தொண்டாகாது, வாணிகமாகும்.

நிதானம் என்னும் முள்

மாயை, மித்தியாத்துவம், நிதானம் என்னும் மூன்றும் சல்லியங்கள். சல்லியம் என்றால் உடலில் தைத்த முள். முள் தைத்த காலோடு ஒருவன் எவ்வளவு தூரம் நடந்தாலும் ஒவ்வோர் அடியும் நோவையே பெருக்கும். இம்மூன்றினின்றும் நீங்கியவனே விரதி எனப்படுவான். நிதானம் என்பது, செய்த நற்செயலுக்கு இன்ன பயன் வேண்டும் என்று விலை பேசும் வேட்கை. மறுபிறவியில் தேவபதவி வேண்டும் என்பது நுண்ணிய நிதானம். அன்றே, அங்கேயே, தன் பெயர் பொறித்த பலகை வேண்டும் என்பது பருத்த நிதானம். சோற்றுப் பொட்டலத்தை நீட்டும் கை ஒரு பக்கமும், புகைப்படக் கருவியை நோக்கும் முகம் மறுபக்கமுமாக நிற்கும் காட்சி இந்நாளில் நமக்குப் புதிதன்று.

களம்: கரியாலூர்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி உயரமுடையது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியே மலையேறி வெள்ளிமலையையும் கரியாலூரையும் அடையலாம். படகுக் குழாமும் கோடை விழாவும் அருவிகளும் கரியாலூர்ப் பக்கத்தைச் சுற்றுலா விரும்புவோர்க்கு அறிமுகப்படுத்தின. 2019இல் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டுக் கள்ளக்குறிச்சி மாவட்டம் அமைந்தபோது இம்மலையும், அப்பாண்டநாதர் எழுந்தருளியுள்ள நம் திருநறுங்கொண்டையும் ஒரே மாவட்டத்தின்கீழ் வந்தன. எனவே இம்மலைவாழ் மக்கள் நமக்கு அயலார் அல்லர், மாவட்டத்து அண்டை வீட்டார்.

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்னும் மரபுக்கதை உடையவர்கள். ஜினகாஞ்சியைப் போற்றும் நமக்கு இச்செய்தி இனிப்பது இயல்பே. நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த இம்மலை 1976இல்தான் அரசின் நேரடி ஆட்சிக்கு வந்தது. சாலையும் பள்ளியும் மருத்துவமும் சமவெளியினும் பல்லாண்டுகள் பிந்தியே வந்து சேர்ந்தன. சாலை எட்டாத சிற்றூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வரும் செய்தியை நாளிதழ்களில் பலமுறை கண்டிருக்கின்றோம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனையடுத்து நாட்டின் பார்வை கல்வராயன் மலையின் மீதும் திரும்பியது. அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து, இம்மலை மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்து விசாரித்தது. மது விலக்கினை முதற்பண்பாகக் கொண்ட நாம் இவ்விடத்தில் கவனமாக இருத்தல் வேண்டும். மலையேறிச் சென்று குடியின் தீமையை உரையாற்றுவது எளிது. ஒரு சாரார் செய்த குற்றத்திற்காக மலைவாழ் மக்கள் அனைவரையும் சாராயம் காய்ச்சுவோர் எனக் கருதுவது அதனினும் எளிது. இரண்டாவது, நாவினால் செய்யும் இம்சை.

மேலும் ஒன்று. கோமுகி ஆறு பிறப்பது இம்மலையில். அதன் நீரால் விளைவது கள்ளக்குறிச்சிச் சமவெளி. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாதலே அவற்றின் இயல்பு என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அதிகாரம் உணர்த்துகின்றது. அவ்வாறாயின் நாம் மலைக்குச் செய்வது கொடை அன்று, கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பித் தருதலே ஆகும். தொண்டு செய்வோன் உயர்ந்தோன், பெறுவோன் தாழ்ந்தோன் என்னும் எண்ணம் இங்கு வேரோடு அறுகின்றது.

முன்னோடிகள்

உடலுழைப்பையும் தொண்டுக் கல்வியையும் இணைப்பது புதுமை அன்று. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் இவ்வகையினதே. எனக்காக அன்று, உனக்காக என்னும் கருத்தே அதன் முழக்கம். சிற்றூரில் ஏழு நாள் தங்கும் அதன் சிறப்பு முகாம்களில் காலையில் உடற்பயிற்சி, பகலில் உழைப்பு, பின்னர் உரையாடல் என்னும் ஒழுங்கைக் காணலாம். இலங்கையில் 1958இல் ஏ. டி. ஆரியரத்தின அவர்கள் கொழும்பு நாளந்தா கல்லூரி மாணவர்களைக் கனதொலுவ என்னும் பின்தங்கிய சிற்றூருக்கு அழைத்துச் சென்று நடத்திய சிரமதான முகாமே பின்னர் சர்வோதய இயக்கமாக வளர்ந்தது.

மதுரையில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்து 2010இல் தோன்றிய பசுமை நடை, விடியற்காலையில் கூட்டமாக நடந்து சமணக் குன்றுகளையும் கல்வெட்டுகளையும் கற்பித்தது. நம் முன்னோர் தங்கிய குகைகளை நம்மவர் அல்லாத பல்லாயிரம் பேர் நடந்து சென்று கண்டு போற்றினர். நடையும் பாடமும் ஒன்றாகும்போது கற்றது நிலைக்கும் என்பதற்கு இது சான்று.

ஒரு நாள் திட்டம்

காலம்: துறவியர் மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்குவது, தரையில் பெருகும் சிற்றுயிர்களுக்கு ஊறு நேராதிருக்கவே. நாமும் மழை மாதங்களைத் தவிர்ப்போம். கோடையில் காட்டுத்தீ அச்சம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டதை மறத்தலாகாது. தை, மாசி மாதங்களே ஏற்றவை. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுப் பாதையில் கால் வைத்தலாகாது. பொதுச் சாலையும் ஊர்த் திடலுமே நமக்குப் போதும். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உபவாசம் இருப்போர் பலராதலின் அந்நாள்களை விலக்குக.

தொடக்கம்: கதிரவன் நன்கு எழுந்த பின்னரே பயிற்சி தொடங்க வேண்டும். இருளில் நடந்தால் ஈர்யா சமிதி இல்லை. புல்லில்லாத வெறுந்தரையைத் தேர்ந்து, எறும்புப் புற்று உள்ளதா எனப் பார்த்து, மென்மையான துணியால் தரையைத் துடைத்துக் கொள்க. அனைவரும் காயோத்சர்க்க நிலையில் நின்று, 27 மூச்சுகளில் பஞ்ச மந்திரத்தை ஒன்பது முறை நினைக்க.

நடை: கை, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைப் பத்து நிமிடம் தளர்த்திய பின், சாலையோரமாக மூன்று கிலோமீட்டர் நடக்க. நான்கு முழம் முன்னே தரையைப் பார்த்து நடத்தல் வேண்டும். கூட்டத்தில் யார் மெதுவாக நடப்பவரோ அவரே முன்னே செல்லுதல் இப்பாடத்தின் விதி. விரைந்து நடக்க வல்லவன் பின்னே வந்து தன் வேகத்தை அடக்கிப் பழகட்டும். உடற்பயிற்சியில் அவனுக்கு இதுவே கடினமான பகுதி என்பதை அவனே உணர்வான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், மூச்சு இரைக்கலாகாது. இதுவே அளவு.

இணைப் பயிற்சி: இருவர் இருவராக நின்று பத்துப் பஸ்கி, ஐந்து தண்டால். ஒருவர் செய்யும்போது மற்றவர் எண்ண வேண்டும். தன் எண்ணிக்கையைத் தான் எண்ணுதல் கூடாது. முதியோரும் இதய நோய், முழங்கால் நோய் உடையோரும் மருத்துவரைக் கேட்டே கலந்துகொள்க.

தூக்கும் பயிற்சி: இதுவே நடுநாயகம். தடித்த போர்வையின் நான்கு மூலைகளை நால்வர் பற்றி, ஒருவரை அதில் கிடத்தி, முழங்கால் உயரத்திற்கு மேல் எழாமல், சமதரையில் இருபது அடி தூரம் சுமந்து மெல்ல இறக்குக. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குதல் முறை. பெரியோர் இருவர் அருகில் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் சுமப்பவராகவும் சுமக்கப்படுபவராகவும் இருத்தல் வேண்டும். சுமக்கப்படுபவன் மற்றவர் கையை நம்பிக் கிடக்கும் அந்நிலையை அறிந்தால்தான், சுமப்பவனாகும்போது அவன் கை மென்மையாகும். நிர்யாபகர் நால்வரையும், டோலி சுமக்கும் மலைமக்களையும் இவ்விடத்தில் நினைவூட்டுக.

பாடம்: மர நிழலில் அரை மணி நேரம் அமர்ந்து, வையாவிருத்தியத்தின் பொருளையும் உத்தாயன மன்னன் வரலாற்றையும் மேற்கூறியவாறு சொல்லுக.

தொண்டு: மூன்று மணி நேரம். என்ன செய்வது என்பதை நாம் முடிவு செய்தலாகாது. ஒரு மாதத்திற்கு முன்பே இருவர் சென்று, ஊர்ப் பெரியவர்களையும் பள்ளித் தலைமையாசிரியரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தாரையும் கேட்டு அறிதல் வேண்டும். உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நான்கு தானங்களில் அவர்களுக்கு வேண்டுவது எதுவோ அதுவே நம் பணி. வேறொன்றும் வேண்டா என்று அவர்கள் கூறினும் ஒரு பணி எப்போதும் உண்டு. சுற்றுலா வந்தோர் அருவியோரங்களில் எறிந்து செல்லும் பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்குதல் அது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டும் அவை மறையவில்லை. மாடுகள் அவற்றைத் தின்று மடிகின்றன. ஒரு பையைப் பொறுக்குதல் ஒரு வாயில்லா உயிருக்கு அளிக்கும் அபயதானம்.

காக்க வேண்டிய வரம்புகள்

பெறுவோரைப் புகைப்படம் எடுத்தலாகாது. சங்கத்தின் பெயர்ப் பலகையைக் கட்டுதலாகாது. நம் உணவையும் வடிகட்டிய நீரையும் நாமே கொண்டு செல்ல வேண்டும். ஊராருக்குச் சுமையாகி அவர்களுக்குத் தொண்டு செய்வது முரண்.

மலைமக்கள் அன்போடு தேனையும் மரவள்ளிக்கிழங்கையும் தர முன்வரலாம். இவை நாம் விலக்கியவை. அவற்றைக் கண்டு முகம் சுளிப்பவன் உத்தாயனன் கதையைக் கேட்டும் கேளாதவனே. “எங்கள் நோன்பில் இது இல்லை, உங்கள் அன்பை ஏற்றுக்கொண்டோம்” என்று கைகூப்பிச் சொல்லுக. அவர்கள் விளைவிக்கும் சாமையையும் தினையையும் உரிய விலை கொடுத்து வாங்கி வருக. பேரம் பேசற்க.

ஒரு முறை சென்று மறந்துவிடுதல் தொண்டாகாது. மறு ஆண்டும் அதே ஊருக்குச் செல்லுக. முன் ஆண்டு நட்டது பிழைத்ததா, கொடுத்தது பயன்பட்டதா என்று பார்க்கும்போதுதான் நம் கொடையின் குறை நமக்கே விளங்கும்.

மாலையில் கதிரவன் மறையும் முன் உண்டு முடிக்க ஏதுவாக நண்பகலுக்குப் பின் மலையிறங்குக. வாய்ப்புள்ளோர் மறுநாள் காலை திருநறுங்கொண்டைக் குன்றேறி அப்பாண்டநாதரை வழிபட்டு வீடு திரும்புக.

வீட்டிலும் தொடர்க

மலையில் ஒரு நாள் செய்த பயிற்சி உடலுக்குப் போதாது. முதிர்ந்தோர் வாரத்தில் 150 நிமிடமேனும், சிறுவர் நாள்தோறும் 60 நிமிடமும் உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகின்றது. புலால் உண்ணாமை ஒன்றே நம்மைக் காத்துவிடும் என்று நெய்யும் இனிப்புமாக உண்டு அமர்ந்திருப்பது பேதைமை.

தொண்டும் அவ்வாறே. கரியாலூரில் அறிமுகமில்லாத ஒருவருக்குக் குனிந்த முதுகு, தன் வீட்டுத் திண்ணையில் எழ முடியாமல் கிடக்கும் பாட்டனாருக்குக் குனியவில்லையேல் நாம் கற்றது பாடமன்று, கூத்து. அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, முகம் கழுவித் துடைத்து, ஜினாலயம் வரை மெல்ல நடத்திச் செல்லும் பேரனுக்கு உடற்பயிற்சியும் வையாவிருத்தியமும் ஒருங்கே கைகூடுகின்றன. அதனைக் காண்போர் எவரும் இல்லாவிடினும் குறைவில்லை. வினை உதிர்வதற்குச் சாட்சி வேண்டியதில்லை.

பாடசாலை மாணவர் சிந்தனைக்கு

1. வையாவிருத்தியம் அகத்தவத்துள் வைக்கப்பட்டமைக்குக் காரணம் யாது?
2. பாத்திரதத்திக்கும் தயாதத்திக்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. உத்தாயன மன்னன் ஏவலரை அழைக்காமல் தானே பணி செய்தது ஏன்?
4. நிதானம் கலந்த தொண்டுக்கு உம் ஊரில் கண்ட எடுத்துக்காட்டு ஒன்று கூறுக. நிதானமற்ற தொண்டுக்கும் ஒன்று கூறுக.
5. இவ்வாரம் உம் வீட்டில் எவருக்கும் சொல்லாமல் செய்யத்தக்க ஒரு பணியைத் தேர்ந்து செய்க. இதற்கு விடை எழுத வேண்டா.

அறம் வளர்க! அருள் பெருகுக!